இடது பக்கம் ஓடிய கண்

பந்து என் கைக்கு ஒரு சாண் முன்னால் விழுந்தது. விழுந்ததை நான் பார்க்கவில்லை. சத்தத்தைத்தான் கேட்டேன்.

கள்ளக்குறிச்சி மைதானத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. முதல் நாள் பெய்த மழையில் மண் இன்னும் ஈரமாக இருந்ததால் 'பொத்'தென்று ஒரு சத்தம். எதிர்ப்பக்கம் சர்வீஸ் போட்டவள் பதினோராவது படிக்கிற பெண். வேகமே இல்லாத சர்வீஸ். கண்ணை மூடிக்கொண்டு எடுத்திருக்க வேண்டிய பந்து. நான் கண்ணைத் திறந்துகொண்டே கோட்டை விட்டேன்.

"இன்னா தேவகி, நின்னுக்கினே தூங்குறியா?" என்றார் கோச் சார்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலாம். அது அன்றைக்கு நான் விட்ட நாலாவது பந்து.

சென்ற வாரம் நான் எழுதியதைப் படித்த ஒரு வாசகி, "லிபரோ லிபரோ என்கிறீர்களே, அது என்ன?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. வாலிபால் அணியில் மற்றவர்கள் எல்லாம் ஒரே நிறச் சட்டை போட்டிருக்க, ஒருத்தி மட்டும் வேறு நிறத்தில் இருப்பாள். அவள்தான் லிபரோ. பின்வரிசையில் நின்று, எதிரி போடுகிற பந்தைத் தரையில் விழாமல் எடுத்துக் கொடுப்பதுதான் அவள் வேலை. வலைக்கு மேலே எகிறி அடிக்கக் கூடாது. கைதட்டல் அடிக்கிறவளுக்குப் போகும். ஆனால் பந்தை விட்டால், வேறு நிறச் சட்டை என்பதால், விட்டது யார் என்று மைதானத்துக்கே தெரியும்.

எனக்கு அது கடைசி வருஷம். மாநிலப் போட்டியில் ஆடிய சான்றிதழ் ஒன்று கையில் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும். மாநிலத்துக்குப் போக முதலில் மண்டலப் போட்டியில் ஜெயிக்க வேண்டும். அதற்கு இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை.

கோச் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் கத்தாமல் பேசினால்தான் எங்களுக்குப் பயம்.

"இன்னும் ஒரு மாசம் பாக்கறேன். சரியாவலன்னா சட்டைய வேற பொண்ணுக்குக் குடுத்துடுவேன். மனசுல வெச்சிக்காத" என்றார்.

அப்பாவின் கண்

பந்தை விடுவதைவிடப் பெரிய பயம் ஒன்று எனக்குள் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

வடக்கனந்தலில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம். கரும்பும் மரவள்ளியும் மாறி மாறிப் போடுவோம். அப்பாவுக்குக் கண்ணில் அழுத்த நோய். வலி இல்லை, சிவப்பு இல்லை, ஒன்றும் இல்லை. பக்கவாட்டில் இருப்பது மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மறைந்துகொண்டே வந்திருக்கிறது. பக்கத்தில் வைத்த தண்ணீர்ச் சொம்பைத் தட்டிவிடுவார். "வயசாயிடுச்சு" என்று சிரிப்போம். ஒரு நாள் வரப்பில் நடந்து வந்தவர், வலது பக்கம் கட்டியிருந்த எருமைமேலேயே மோதி விழுந்தார். அப்புறம்தான் டாக்டரிடம் போனோம். அதற்குள் வலது கண்ணில் பாதி போய்விட்டது. போனது திரும்ப வராதாம், இருப்பதைக் காப்பாற்றலாமாம். இன்றுவரை வேளை தவறாமல் சொட்டு மருந்து போட்டுக்கொள்கிறார்.

அன்றைக்கே டாக்டர், "பிள்ளைங்களும் ஒருமுறை காட்டிடுங்க" என்றார். நான் காட்டவில்லை. பந்து நன்றாகத் தெரிந்துகொண்டிருந்தது, எதற்குக் காட்ட வேண்டும்?

இப்போது பந்து தெரியவில்லை.

பஸ் ஸ்டாண்டில் நின்று ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பெயர்ப்பலகைகளைப் படித்துப் பார்ப்பேன். அப்புறம் மற்ற கண். பழக்கடை அக்கா ஒரு நாள், "இன்னா பாப்பா, கண்ல தூசியா? இங்க வா, ஊதி வுடறேன்" என்றார். தூசிதான் என்று சொல்லி அவரிடம் கண்ணைக் காட்டி ஊதிக்கொண்டேன். உண்மையைச் சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது.

கடைசியில் வீட்டுக்குத் தெரியாமல் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒரு பெரிய வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுவில் ஒரு புள்ளி. அதையே பார்க்க வேண்டும். ஓரங்களில் அங்கங்கே குட்டி வெளிச்சம் மின்னும். மின்னும்போதெல்லாம் கையில் இருக்கிற பொத்தானை அழுத்த வேண்டும். எனக்கு உள்ளங்கை வேர்த்துப் பொத்தான் வழுக்கியது. மின்னாமல் இருந்த ஒவ்வொரு நொடியும், "மின்னித்தான் இருக்கும், எனக்குத்தான் தெரியவில்லை" என்று நினைத்தேன்.

டாக்டர் அம்மா காகிதத்தைப் பார்த்தார். கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். அழுத்தமும் பார்த்தார்.

"ஒண்ணும் இல்லம்மா. ரெண்டு கண்ணும் நல்லா இருக்கு. அப்பாவுக்கு இருக்கறதால வருஷத்துக்கு ஒருதரம் வந்து காட்டிக்குங்க, போதும்."

வெளியே வந்து ஆஸ்பத்திரிச் சுவரில் சாய்ந்து நின்று அழுதேன். நாலு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று இறங்கிப் போனது. வீட்டுக்குப் போய் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "என்கிட்ட சொல்றதுக்கு இன்னா?" என்று திட்டினார். அப்புறம் இடது கண்ணைத் துடைத்துக்கொண்டார், வலதையும்.

மறுநாள் துள்ளிக் குதித்துக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். ஐந்து பந்தை விட்டேன்.

நஸ்ரினின் பச்சை வட்டம்

கண் கெட்டுப்போயிருந்தால் கண்மேல் பழி போட்டிருக்கலாம். கண் நன்றாக இருக்கிறது என்றால், கெட்டுப்போனது நான்தானா? அந்த வாரம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நஸ்ரின் வந்தது அப்போதுதான். கள்ளக்குறிச்சிப் பெண்தான், என் வயது. சென்னையில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். விளையாடுகிறவர்கள் விளையாடும்போது எங்கே பார்க்கிறார்கள், கவனம் எங்கே போகிறது என்பதுதான் அவளுடைய படிப்பு. ஒரு பந்தைக்கூடத் தன் வாழ்நாளில் பிடித்தது இல்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். "பந்து வந்தா நான் குனிஞ்சிடுவேன். அதனாலதான் குனியாதவங்களப் பாக்க வந்தேன்" என்றாள்.

அவள் கொண்டுவந்த மூக்குக்கண்ணாடி விசித்திரமானது. கண்ணாடி மாதிரி இருக்கும், கண்ணாடிச்சில் இருக்காது. நெற்றியில் ஒரு குட்டி கேமரா, நாம் பார்க்கிற திசையைப் படம் பிடிக்கும். உள்பக்கம் இரண்டு கேமரா, நம் கருவிழியைப் படம் பிடிக்கும். இரண்டையும் சேர்த்து, நாம் பார்த்த இடத்தைப் படத்தின்மேல் ஒரு பச்சை வட்டமாகப் போட்டுக் காட்டும். கழன்று விழாமல் இருக்கப் பின்னால் எலாஸ்டிக் பட்டி. எங்கள் செட்டர், அதாவது அடிக்கிறவளுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவள், அதைப் போட்டுக்கொண்டு வெல்டிங் பட்டறைக்காரர் மாதிரி நடந்து காட்டி எல்லாரையும் சிரிக்க வைத்தாள்.

அணியோடு நின்று ஒவ்வொருவரும் இருபது சர்வீஸ் எடுத்தோம். நான் எட்டை விட்டேன்.

சாயங்காலம் பார்வையாளர் படிக்கட்டில் உட்கார்ந்து, லேப்டாப்பைத் துப்பட்டாவால் மறைத்து வெயில் படாமல் காட்டினாள். முதலில் மற்றவர்களுடையது. பச்சை வட்டம் சர்வீஸ் போடுகிறவளின் கையில் நிற்கும். பந்து கிளம்பியதும் அதன்மேல் ஒட்டிக்கொள்ளும். கடைசிவரை விடாது.

அப்புறம் என்னுடையது. வட்டம் சர்வீஸ் போடுகிறவளின் கையில் நின்றது. பந்து கிளம்பியது. வட்டம் சட்டென்று இடது பக்கம் ஓடியது. அங்கே என்னமோ தேடிவிட்டுத் திரும்பி வந்தது. வருவதற்குள் பந்து வலையைத் தாண்டிவிட்டது.

அடுத்த சர்வீஸ். அதேதான். அதற்கடுத்ததும். இருபது பந்துக்கும் இடது பக்கம்.

"நான் அப்பிடிப் பாக்கவே இல்ல, நஸ்ரின். பந்தத்தான் பாத்துக்கினு இருந்தேன். சத்தியமா."

"உனக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. கைய நீட்டிக் கட்டவிரலத் தூக்கிப் பாரு. அந்த நகம் அளவு எடம்தான் நமக்குத் தெளிவாத் தெரியும். மீதி எல்லாம் மங்கல்தான். அதனால கண்ணு அங்க இங்க தாவிக்கினே இருக்கும். தாவற அந்த நேரத்துல சரியாத் தெரியாது. உன் கண்ணு போவ ஒருதரம், வர ஒருதரம் தாவுது. அதுக்குள்ள பந்து வந்துடுது."

கவனம் சிதறுகிறது என்று கோச் சார் நூறு முறை சொல்லியிருக்கிறார். கவனம் என்பது ஏதோ உள்ளே புகை மாதிரி இருப்பது, அது கலைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது கலையவில்லை. வேறு எங்கேயோ போய் நின்றிருக்கிறது. எங்கே என்று படத்தில் தெரிகிறது. அதைப் பார்த்ததில் எனக்குப் பாதி உயிர் வந்தது.

நஸ்ரின் சில பயிற்சிகள் கொடுத்தாள். பந்தில் பெரிதாக எண்கள் எழுதி, வருகிற எண்ணைச் சத்தமாகப் படிக்கச் சொன்னாள். "அஞ்சு!" "ரெண்டு!" என்று கத்திக்கொண்டே எடுப்பேன். தனியாக நின்றால் ஒன்றும் விடவில்லை. அணியோடு நின்றால் மறுபடி இடது பக்கம்.

ஒரு நாள் நஸ்ரின் கேட்டாள். "அந்தப் பக்கம் யாரு நிக்கிறாங்க?"

"ஒரு புதுப் பொண்ணு."

"அதுக்கு முன்னாடி?"

கையிலிருந்த பந்தில் எழுதியிருந்த எண்ணைக் கட்டைவிரலால் தேய்த்தேன்.

"பவுனு" என்றேன்.

பவுனுக்கு நடந்தது

பவுனு கரியாலூர்ப் பக்கம் ஒரு மலைக் கிராமத்துப் பெண். கல்லூரியில் ஒரே ஹாஸ்டல் அறை. நாலு வருஷம் என் இடது பக்கத்தில் நின்று ஆடியவள். சரிவான மைதானத்தில் ஆடிப் பழகியதாலோ என்னவோ, சமதரையில் அவள் ஓடுவது பறப்பது மாதிரி இருக்கும்.

அதற்கு ஆறு மாதம் முன்னால் ஒரு போட்டி. எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு சர்வீஸ் வந்தது. என் பந்தா, அவள் பந்தா? நான் பாய்ந்தேன். அவளும் பாய்ந்தாள். என் முழங்கால் அவள் தோளில் இடித்தது. மரவள்ளிக் குச்சி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். கழுத்துக்குக் கீழே இருக்கிற காறை எலும்பு முறிந்துவிட்டது.

அவள் கத்தவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். ஆம்புலன்ஸில் ஏற்றும்போதும் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவளை மலைக்கு அழைத்துப் போய்விட்டார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. முதல் வாரம், "அவங்க அம்மா முகத்துல எப்பிடி முழிக்கிறது" என்று போகவில்லை. இரண்டாவது மாதம், "இத்தன நாள் கழிச்சி எப்பிடிப் போறது" என்று போகவில்லை. போன் போட்டு, மணி அடிப்பதற்குள் வைத்துவிடுவேன். கள்ளக்குறிச்சியிலிருந்து மலைக்குப் போகிற பஸ் எங்கள் ஊர் வழியாகத்தான் போகும். தினமும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏறவில்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நஸ்ரின் ஆராய்ச்சி பேசவில்லை. "அடுத்த பஸ் எத்தினி மணிக்கு?" என்றாள்.

மலைக்குப் போனோம்

சனிக்கிழமை காலை இருவரும் ஏறினோம். கோமுகி அணையைத் தாண்டியதும் வளைவுகள். நஸ்ரினுக்கு மூன்றாவது வளைவிலேயே குமட்டியது. "தூரத்துல ஒரு மரத்தப் பாரு, சரியாப் போவும்" என்று சொன்னேன். பார்வையைப் பற்றி அவளுக்கு நான் சொன்ன ஒரே பாடம் அது. பலிக்கவில்லை. ஓட்டுநர் வண்டியை நிறுத்த வேண்டியதாயிற்று.

பவுனு வீட்டு வாசலில் கடுக்காய் காயப்போட்டிருந்தார்கள். அவள் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து சொத்தையைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். எழுந்திருக்கவில்லை.

"இன்னாடி, இப்பதான் வழி தெரிஞ்சுதா?"

நான் ஏதேதோ சொல்ல நினைத்து வந்திருந்தேன். "கை எப்பிடி இருக்கு?" என்றேன்.

"கை எப்பவோ கூடிப்போச்சு. மூணு மாசமா வெறகு தூக்கினு இருக்கேன். டாக்டர் ஆடலாம்னு சொல்லி எழுதியே குடுத்துட்டார்."

"அப்ப ஏன் வரல?"

"நீ ஏன் வரல?"

உள்ளேயிருந்து அவள் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு மூன்று பேருக்கும் பலாச்சுளை கொண்டுவந்து வைத்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். "தின்னும்மா. எளச்சிப் போயிட்டியே" என்றார். அவ்வளவுதான். ஆறு மாதமாக நான் பயந்தது இந்த முகத்துக்கு.

"என் முட்டிதான பட்டுச்சு, பவுனு. அது உன் பந்துன்னு தெரிஞ்சும் பாஞ்சேன். எனக்கு உன்ன பாக்க மூஞ்சி இல்ல."

பவுனு கையிலிருந்த கடுக்காயைக் கீழே போட்டாள்.

"லூசு. நான் கத்தல. என் பந்துன்னா 'எனக்கு'ன்னு கத்தணும் இல்ல? கத்தல. கத்தியிருந்தா நீ நின்னிருப்ப. ஆம்புலன்ஸ்ல போறப்ப இருந்து அதத்தான் நெனச்சிக்கினு இருந்தேன். நீ வராம இருந்தியா, என்மேல கோவம்னு நெனச்சேன். என்னால மேட்ச் போச்சுன்னு."

"உன்மேல எனக்கு இன்னாடி கோவம்?"

"அத வந்து சொல்லியிருக்கணும். எலும்பு முறிஞ்சது கூட ஒண்ணும் இல்ல. நீ வராததுதான் வலிச்சிது."

அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொத்தைக் கடுக்காய் பொறுக்க ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் நஸ்ரினும் உட்கார்ந்தாள். அவள் நல்லதையும் சேர்த்துப் பொறுக்கிப் போட்டுவிட்டாள்.

லேப்டாப்பில் படத்தைப் போட்டுக் காட்டினாள் நஸ்ரின். பச்சை வட்டம் இடது பக்கம் ஓடுவதைப் பவுனு நாலைந்து முறை பார்த்தாள்.

"என்னயவா தேடற?"

"அப்பிடித்தான் போல."

பவுனு லேப்டாப்பை மூடி நஸ்ரினிடம் நீட்டினாள். அப்புறம், "இனிமே தேடாத. நான் தொண்ட கிழிய கத்தறேன். என் பந்துன்னா 'எனக்கு', உன் பந்துன்னா 'உனக்கு'. நீ பந்த மட்டும் பாரு" என்றாள்.

நஸ்ரின் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாள். "இதத்தான் நானும் சொல்லலாம்னு இருந்தேன். இடது பக்கத்தப் பாக்கற வேலைய காதுக்குக் குடுத்துட்டா, கண்ணுக்கு ஒரே வேலதான்" என்றாள். முதலில் சொன்னது பவுனுதான் என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

கடைசி செட்

திங்கட்கிழமை பவுனு டாக்டர் சீட்டோடு மைதானத்துக்கு வந்தாள். கோச் சார் சீட்டை இரண்டு முறை படித்தார். அவள் தோளை அழுத்திப் பார்த்தார். "எத்தினி நாளா இத வெச்சிக்கினு சும்மா இருந்த?" என்று அவளையும் திட்டினார், என்னையும் திட்டினார். எங்களுக்கு அது தேன் மாதிரி இருந்தது.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. முதல் வாரம் பழக்கதோஷத்தில் கண் ஓடியது. பவுனு கத்தக் கத்த, ஓடுவது குறைந்தது. மைதானத்துக்கு வெளியே டீக்கடையில் அவள் குரல் கேட்டு, "இன்னா சண்ட அங்க?" என்று கேட்பார்களாம். இரண்டாவது வாரக் கடைசியில் நஸ்ரின் மறுபடி படம் எடுத்தாள். இருபதில் மூன்று முறைதான் வட்டம் இடது பக்கம் போயிருந்தது. சட்டை என்னிடமே இருந்தது.

மண்டலப் போட்டி மதிய வெயிலில் நடந்தது. ஆளுக்கு இரண்டு செட் ஜெயித்திருந்தோம். கடைசி செட் பதினைந்து பாயின்ட். பதினான்குக்குப் பதின்மூன்று என்று நாங்கள் ஒரு பாயின்ட் முன்னால் இருந்தோம். சர்வீஸ் அவர்களுடையது.

சர்வீஸ் போடப் போனவள் உயரமான பெண். அன்று முழுவதும் எங்களைப் படுத்தியவள். பந்தைத் தரையில் இரண்டு முறை தட்டினாள். அவள் கையைப் பார்த்தேன். பந்து கிளம்பியது. பந்தைப் பார்த்தேன். அதன் தையல் சுழல்வது தெரிந்தது. என் கண் எங்கேயும் போகவில்லை என்பது எனக்கே தெரிந்தது.

பந்து எங்கள் இருவருக்கும் நடுவில் வந்தது.

முன்பு மோதிக்கொண்ட அதே மாதிரிப் பந்து. உடம்பு பாயத் தயாராகிவிட்டது. வலது கால் தரையை உந்திவிட்டது.

"எனக்கு!"

மலையில் ஒரு சரிவிலிருந்து எதிர்ச் சரிவுக்குக் கேட்க வேண்டும் என்பது போல ஒரு குரல்.

நின்றுவிட்டேன். உந்திய காலை அப்படியே மடக்கி உட்கார்ந்தேன். என் காதோரம் காற்று வீசியது போல பவுனு கடந்து போனாள். இரண்டு கையையும் சேர்த்துப் பந்தை எடுத்தாள். அது அழகாக எழும்பி செட்டர் தலைக்கு மேல் போனது. செட்டர் தூக்கிக் கொடுத்தாள், அடிக்கிறவள் அடித்தாள், பந்து எதிர்ப்பக்கத்தில் தரையில் மோதியது.

கூட்டம் அடித்தவளைத் தூக்கியது. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து எழவில்லை. பவுனு பக்கத்தில் வந்து மண்ணில் உட்கார்ந்தாள். முறிந்து கூடிய தோளை ஒருமுறை சுழற்றிப் பார்த்தாள்.

"வலிக்குதா?" என்றேன்.

"இல்லடி. நீ தொடவே இல்லியே" என்றாள்.

மாநிலப் போட்டிக்குப் போனோம். சான்றிதழ் கிடைத்தது. இன்றைக்கு நான் பார்க்கிற உடற்கல்வி ஆசிரியை வேலை அதனால் வந்ததுதான். எத்தனையோ பந்துகளை விழுந்து புரண்டு எடுத்திருக்கிறேன். ஆனாலும் என்னைக் கேட்டால், நான் ஆடியதிலேயே நல்ல ஆட்டம், அன்றைக்குத் தொடாமல் விட்ட அந்தப் பந்துதான்.